‘மான்டன்’ துப்பாக்கியின் வயது என்ன?

பழைய ஜமீன் வீடுகளிலும் தேயிலைத் தோட்டத்து பங்களாக்களிலும் தலைமுறைகளாக இருந்துவரும் இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் ‘மான்டன்’ என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். இரண்டு குழல்களுக்கும் நடுவே நீளவாக்கில் ஓடும் மேல்பட்டையில் அந்தப் பெயர் அழகாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஜோசப் மான்டன் லண்டனின் மிகப் புகழ்பெற்ற துப்பாக்கிக் கைவினைஞர். பர்டி துப்பாக்கி நிறுவனத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் பர்டியே அவருடைய பட்டறையில் வேலை பார்த்தவர்தான். அதனால் இணையத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பார்க்கும் குடும்பத்தார், தங்கள் கையில் இருநூறு ஆண்டுப் பொக்கிஷம் இருப்பதாக நம்பத் தொடங்கிவிடுகிறார்கள்.

மான்டன் 1835-ல் இறந்துவிட்டார். அவர் காலத்துத் துப்பாக்கியில் மருந்தையும் ரவையையும் குழலின் வாய் வழியாகப் போட்டு, கம்பியால் இடித்துத்தான் நிரப்ப வேண்டும். நடுவே மடங்கித் திறப்பதும், அடிப்பாகத்தின் மையத்தில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் பதித்த தோட்டாவை ஏற்பதும், வெளியே குதிரை இல்லாததுமான துப்பாக்கி 1870-களுக்கு முன்னால் செய்யப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. அப்படியானால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? ஜோசப்பின் உறவினரான ஃப்ரெடரிக் மான்டன் கல்கத்தாவில் நடத்திய கடையிலிருந்து வந்தது. ‘மான்டன் அண்ட் கம்பெனி, கல்கத்தா’ இருபதாம் நூற்றாண்டிலும் துப்பாக்கி விற்றது. அங்கே விற்ற துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பட்டறைகளில் உருவானவை. கல்கத்தாவின் ரோடா, லயன் அண்ட் லயன், சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பெயர்பெற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ் ஆகிய கடைகளின் பெயர்களும் இப்படித்தான் மேல்பட்டையில் ஏறின. இதில் மோசடி எதுவும் இல்லை. செய்தவர் ஒருவர், பெயர் பொறித்து விற்றவர் இன்னொருவர் என்பது அந்தத் தொழிலின் வழக்கம்.

மோசடியும் தனியாக நடந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரைச் சுற்றியிருந்த பட்டறைகள் லட்சக்கணக்கில் மலிவான துப்பாக்கிகளைச் செய்து உலகெங்கும் அனுப்பின. அவற்றில் சிலவற்றில் ‘வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்’ என்ற புகழ்பெற்ற பெயருக்குப் பதிலாக ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று மட்டும் இருக்கும். அவசரமாகப் படிப்பவர் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டே அப்படிப் பொறித்தார்கள். ஒரு பழைய துப்பாக்கியில் எளிதில் பொய் சொல்லக்கூடிய இடம் மேல்பட்டைதான். ஆய்வை அங்கிருந்து தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தொடங்க வேண்டிய இடம் குழல்களின் அடிப்பக்கம். முதலில் நெம்புகோலை நகர்த்தித் துப்பாக்கியைத் திறந்து, இரண்டு தோட்டா அறைகளும் காலியாக இருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். “ஐம்பது வருஷமா இதைத் தொட்டதே இல்லை” என்று வீட்டார் சொன்னாலும் பார்க்க வேண்டும். பிறகு முன்கட்டையைக் கழற்றினால் குழல்கள் தனியாக வந்துவிடும். அவற்றைத் திருப்பிப் பிடித்தால், தோட்டா அறைகளுக்கு நேர் கீழே தட்டையாக இழைத்த ஒரு பரப்பு தெரியும். துப்பாக்கி மூடியிருக்கும்போது யார் கண்ணிலும் படாத அந்தப் பரப்பில் கிரீடங்கள், எழுத்துகள், எண்கள் என்று பொடிப்பொடியாக முத்திரைகள் குத்தப்பட்டிருக்கும்.

இவை சோதனை முத்திரைகள். எந்த உலோகக் குழாயும் உள்ளிருந்து அழுத்தம் வரும்போது சற்றே விரிந்து, அழுத்தம் போனதும் பழைய அளவுக்குத் திரும்பும். ஓர் எல்லையைத் தாண்டி அழுத்தினால் திரும்பாது, புடைத்தபடியே நின்றுவிடும். அதையும் தாண்டினால் கிழியும். சோதனைக்கூடத்தில், வழக்கமான தோட்டாவைவிடக் கணிசமாகக் கூடுதல் அழுத்தம் தரும் மருந்தை வைத்துக் குழலைச் சுடுவார்கள். பிறகு புடைப்போ விரிசலோ உண்டா என்று அளந்து பார்ப்பார்கள். தேறிய குழலுக்கு மட்டும் முத்திரை கிடைக்கும். குழல்களைச் சோதித்து முத்திரையிடும் லண்டனின் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கத்துக்கு 1637-ல் அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்ஹாம் சோதனைக்கூடம் 1813-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. இரண்டும் இன்றைக்கும் இயங்குகின்றன. வாங்குபவரின் கையும் கண்ணும் பறிபோகாமல் காக்க ஏற்பட்ட ஏற்பாடு இது. ஆனால் விதிகள் அவ்வப்போது மாறியதால் முத்திரைகளும் மாறின. அந்த மாற்றம்தான் இன்று நமக்கு நாட்காட்டியாக உதவுகிறது.

பர்மிங்ஹாம் முத்திரையில் கிரீடத்தின் கீழே குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள் இருந்தால், அந்தக் குழல் 1904-க்கு முந்தையது. செங்கோல்கள் இல்லாமல் கிரீடத்தின் கீழ் ‘பி.பி.’, ‘பி.வி.’ என்ற எழுத்துகள் இருந்தால் 1904-க்குப் பிந்தையது. கிரீடத்தின் கீழ் ‘பி.என்.பி.’ என்றிருந்தால் 1954-க்குப் பிந்தையது. ‘குண்டுக்கு அல்ல’ என்று பொருள்படும் ஆங்கில வாசகம் இருந்தால் 1875-க்கும் 1887-க்கும் இடைப்பட்டது. வாய்ப்பகுதி சற்றே குறுகிய ‘சோக்’ குழல்கள் அப்போதுதான் பரவின. முழுக் குண்டைப் போட்டுச் சுட்டால் அந்தக் குறுகலில் சிக்கிக் குழல் வெடிக்கும் என்பதற்கான எச்சரிக்கை அது. வைர வடிவக் கட்டத்துக்குள் 12 என்ற எண்ணும் ‘சி’ என்ற எழுத்தும் இருந்தால் 1887-க்குப் பிந்தையது. தோட்டா அறையின் நீளத்தை அங்குலத்தில் குத்தும் வழக்கம் 1925 விதிகளோடு வந்தது. முட்டை வடிவத்துக்குள் ‘ஈ.எல்.ஜி.’ என்றிருந்தால் அது லியேஜ் சோதனைக்கூடத்தின் முத்திரை. அதன் தலையில் கிரீடமும் இருந்தால் 1893-க்குப் பிந்தையது. மேல்பட்டையில் லண்டன் முகவரி, அடியில் ஈ.எல்.ஜி. முத்திரை என்றால் எதை நம்புவது என்ற குழப்பமே வேண்டாம்.

நம் கல்கத்தா ‘மான்டன்’ துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தால் கிரீடமும் ‘பி.வி.’யும் 2½ அங்குலம் என்ற அறை நீளமும் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். 1925-க்கும் 1954-க்கும் இடையில் பர்மிங்ஹாமில் சோதிக்கப்பட்ட குழல் என்று அங்கேயே முடிவாகிவிடும். ஜோசப் மான்டன் இறந்து குறைந்தது தொண்ணூறு ஆண்டுகள் ஆன பிறகு.

முத்திரைகளுக்கு இடையே உள்ள எண்கள் இன்னும் ஆழமான கதையைச் சொல்கின்றன. ‘பன்னிரண்டு போர்’ என்றால் என்ன? ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுதான் அந்தக் குழலின் உள்விட்டம். ஒரு பவுண்டு 453.6 கிராம். பன்னிரண்டில் ஒரு பங்கு 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். கணக்குப் போட்டால் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், அதாவது 0.729 அங்குலம். பதின்மூன்று உருண்டைகள் என்றால் ஒவ்வொன்றும் சிறிதாகும், விட்டம் 0.710 அங்குலமாகக் குறையும். எண் கூடக் கூடக் குழல் ஒடுங்குவது இதனால்தான்.

இங்கேதான் மதிப்பீட்டாளரின் கருவி உள்ளே நுழைகிறது. பன்னிரண்டு போர் தோட்டா போடும் பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் அடியில் 13 என்ற எண்ணைக் காணலாம். அறை பன்னிரண்டு, அதற்கு அப்பால் குழலின் உள்விட்டம் பதின்மூன்று என்று பொருள். அந்தக் குழலை இன்று உள்விட்டமானியால் அளக்கும்போது 0.730 அங்குலம் வருகிறது என்றால், இடையில் யாரோ உள்ளே தேய்த்து உலோகத்தை எடுத்திருக்கிறார்கள். துருப்பள்ளங்களை மறைக்க அப்படித் தேய்ப்பது வழக்கம். கண்ணுக்குக் குழல் கண்ணாடிபோல் மின்னும், சுவரோ மெலிந்திருக்கும். முத்திரை பெற்ற நாளில் இருந்த குழல் இப்போது இல்லை, ஆகவே அந்த முத்திரையும் செல்லாது. பிரிட்டனில் இப்படிப்பட்ட துப்பாக்கியை மறுசோதனை செய்யாமல் விற்பதே குற்றம். சுவரின் மிக மெல்லிய இடம் அரை மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டால் அனுபவசாலிகள் பின்வாங்கிவிடுவார்கள்.

குழலின் உலோகம் தனி அத்தியாயத்துக்கே உரிய பொருள். பழைய குழல்கள் பலவற்றில் சுருள்சுருளாக, வளைவு வளைவாக ஒரு கோலம் ஓடும். இதை ‘டமாஸ்கஸ் குழல்’ என்பார்கள். இரும்புக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் மாறி மாறி அடுக்கிக் காய்ச்சி இணைத்து, அந்தக் கம்பியை முறுக்கி, முறுக்கிய கம்பிகளைப் பக்கம் பக்கமாக வைத்து நாடாவாக்கி, அந்த நாடாவை ஓர் உருளைக் கம்பியின் மேல் சுற்றி, வெண்சூட்டில் சுத்தியலால் தட்டித் தட்டி ஒட்டவைத்து உருவாக்கிய குழல் அது. அமிலம் பட்டால் இரும்பும் எஃகும் வெவ்வேறு அளவில் அரிபட்டு வெவ்வேறு நிறம் காட்டும். கோலம் தெரிவதன் காரணம் அவ்வளவுதான்.

இதைத் தென்னிந்தியாவின் பழைய எஃகோடு சேர்த்துப் பேசுபவர்கள் உண்டு. கொடுமணல் போன்ற ஊர்களின் அகழாய்வில் தடயம் கிடைத்த மூசை எஃகு, ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்று அழைத்து வியந்த எஃகு, முற்றிலும் வேறான பொருள். மண்மூசைக்குள் இரும்பையும் கரியையும் வைத்து உருக்கியதால் அதில் கரி சீராகக் கலந்தது. அது மெல்ல ஆறும்போது கட்டிக்குள்ளேயே உண்டான படிக அமைப்பிலிருந்து அதன் கோலம் பிறந்தது. மைக்கேல் ஃபாரடே 1819-ல் அதை வேதிப்பகுப்பு செய்து எழுதினார். பெருமை கொள்ளத்தக்க தொழில்நுட்பம் அது. ஆனால் பர்மிங்ஹாம், லியேஜ் குழல்களின் கோலம் முறுக்கியும் தட்டியும் செய்தது. இரண்டுக்கும் கண்தோற்றத்தில் மட்டுமே ஒற்றுமை. இல்லாத உறவைச் சொல்லி விலையை ஏற்றும் வியாபாரிகளிடம் வாசகர் கவனமாக இருக்க வேண்டும்.

டமாஸ்கஸ் குழல் எல்லாமே வெடித்துவிடும் என்ற பேச்சும் சரியல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பர்மிங்ஹாம் சோதனைக்கூடம் பலவகைக் குழல்களை வரிசையாக, மருந்தைக் கூட்டிக்கொண்டே போய்ச் சுட்டுப் பார்த்தது. முதலிடம் பிடித்தது மூன்று கம்பிகளால் முறுக்கிச் செய்த ஓர் ஆங்கிலக் குழல்தான். அதே சமயம், நூறாண்டு கடந்த குழலின் ஒட்டுகளுக்கு உள்ளே துரு எவ்வளவு தூரம் ஊடுருவியது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியாகத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்பு வரும்வரை அது சுவரில் இருக்க வேண்டிய பொருள், சுட வேண்டிய பொருள் அல்ல. இன்னொரு ஏமாற்றும் உண்டு: வெறும் இரும்புக் குழலின் மேல் டமாஸ்கஸ் கோலத்தை அச்சாகப் பதித்து விற்றார்கள். முன்கட்டைக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதியிலும் கோலம் தொடர்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் உண்மை வெளிப்பட்டுவிடும்.

இனி நிலைமையைச் சோதிப்பது. கழற்றிய குழல்களை அவற்றின் கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல்கணுவால் தட்ட வேண்டும். சந்தையில் மண்பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதும் இதற்காகத்தான். மணிபோல் நீண்டு ஒலித்தால் இரண்டு குழல்களும் மேல்பட்டையும் ஈயப்பற்றால் ஒரே உடலாக இணைந்திருக்கின்றன. மொத்தென்று கேட்டாலோ கிறுகிறுவென்று அதிர்ந்தாலோ எங்கேயோ பற்று விட்டிருக்கிறது. விட்ட இடத்தில் உராய்வு அதிர்வை விழுங்கிவிடுவதால்தான் ஒலி அறுந்துபோகிறது. பற்று விட்ட இடுக்கில் ஈரம் தங்கி வெளியே தெரியாமல் துரு தின்னும்.

பிறகு வாய்ப்பக்கம். பழைய இரட்டைக்குழல்கள் நுனியில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்து அதை ஈயத்தாலோ இரும்புத் துண்டாலோ அடைத்திருந்தால், குழலை யாரோ வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறார்கள். சோக் இருந்த பகுதி அதோடு போயிருக்கும், விலையின் பெரும்பகுதியும் போயிருக்கும். அடுத்து, முன்கட்டை இல்லாமல் குழலை மாட்டி மூடி, லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும். குழலின் பின்முகத்துக்கும், குழல் வந்து பூட்டிக்கொள்ளும் உடற்பகுதியான ஆக்‌ஷனின் சுவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் மூட்டு தேய்ந்திருக்கிறது.

குழலுக்குள் பார்த்தால் கரும்புள்ளிகளாகப் பள்ளங்கள் இருக்கலாம். இவற்றுக்குக் காரணம் பெரும்பாலும் வெடிமருந்து அல்ல, அதைப் பற்றவைக்கும் கேப். பழைய கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு குழலில் படியும். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் உப்பு அது. எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். வேட்டை முடிந்ததும் எண்ணெய்த்துணியால் மட்டும் துடைத்து வைத்த துப்பாக்கிகள் நம் கடலோர ஈரக்காற்றில் உள்ளுக்குள் அரித்துப்போனது இப்படித்தான். வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, பிறகு எண்ணெய் தடவியவர்களின் துப்பாக்கி தப்பியது.

இத்தனையும் தேறிய துப்பாக்கியைக்கூட ஒரே நாளில் கெடுத்துவிடலாம். பளபளப்பாக்குகிறேன் என்று மணல்தாளை எடுத்தால் போதும். ஆக்‌ஷனின் மேல் நீலமும் பழுப்பும் வைக்கோல்நிறமுமாகத் தெரியும் மேகக்கோலம் வண்ணப்பூச்சு அல்ல. எலும்புக்கரியோடு பெட்டியில் அடைத்துச் சூடாக்கி, திடீரென்று தண்ணீரில் முக்கும்போது உருவான மிகமெல்லிய ஆக்சைடு படலம் அது. ஒருமுறை தேய்த்தால் போய்விடும். குழலைக் கருப்பாக்குகிறேன் என்று கொதிக்கும் காரக்கரைசலில் முக்குவது இன்னும் மோசம். பழைய கைவினைஞர்கள் மெதுவாகத் துருப்பிடிக்கவைத்து, கொதிநீரில் போட்டு, தேய்த்து, மீண்டும் மீண்டும் அதையே செய்து கருமை ஏற்றினார்கள். காரக்கரைசலோ குழல்களை இணைக்கும் ஈயப்பற்றையே தின்றுவிடும். புதிதுபோல் மின்னும் துப்பாக்கி, மங்கி நிற்கும் துப்பாக்கியைவிடக் குறைந்த விலைக்குப் போவது இதனால்தான். வாங்குபவர் தேடுவது பழைய கைவேலை மிச்சமிருக்கும் பொருளை.

விலையை எது தீர்மானிக்கிறது? முதலில் பூட்டின் வகை. 1875-ல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையைச் சேர்ந்த ஆன்சனும் டீலியும் காப்புரிமை பெற்ற ‘பாக்ஸ்லாக்’ அமைப்பில் உறுப்புகள் குறைவு, உறுதி அதிகம், செலவும் குறைவு. இருபுறமும் தகடுகளில் பூட்டைப் பொருத்திய ‘சைடுலாக்’ நுணுக்கமான கைவேலை, விலையும் கூடும். பர்டி, பாஸ், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ஆகிய பட்டறைகளின் முதல்தர சைடுலாக்குக்கும் ஒரு சாதாரண பர்மிங்ஹாம் பாக்ஸ்லாக்குக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம் இருக்கும். அடுத்து, குழல், முன்கட்டை, விசைக்காப்பு மூன்றிலும் ஒரே வரிசை எண் இருக்க வேண்டும். பின்கட்டை வெட்டுப்படாத வாதுமைக் கட்டையாக இருக்க வேண்டும். ரப்பர் ஒட்டவைத்த கட்டை ஒரு படி கீழே.

யாருடைய துப்பாக்கி என்பதும் விலையாகும், ஆவணம் இருந்தால் மட்டும். அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்க வேட்டைக்குக் கொண்டுபோன ஃபாக்ஸ் நிறுவன இரட்டைக்குழல் துப்பாக்கி 2010-ல் ஏலத்தில் 8,62,500 டாலருக்குப் போனது. அதற்குக் கடிதங்களும் நிறுவனப் பதிவும் சாட்சி. ‘எங்கள் தாத்தாவுக்குக் கலெக்டர் துரை கொடுத்தது’ என்ற வாய்மொழிக்கு ஏலக்கூடத்தில் மதிப்பில்லை.

இந்தியாவில் விலை வேறொரு கணக்கில் ஓடுகிறது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்திய பின் வேட்டைக்கென்று துப்பாக்கி வாங்கும் தேவை குறைந்துவிட்டது. 2019-ன் திருத்தத்துக்குப் பின் ஒருவர் உரிமத்தில் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. வாங்க ஆசைப்படுபவர்கள் குறைவு, வாங்கத் தகுதியுள்ளவர்கள் அதிலும் குறைவு. லண்டன் ஏலப் பட்டியலில் உள்ள தொகையை ரூபாயாக மாற்றி எதிர்பார்ப்பது வீண். நல்ல ஆங்கிலத் துப்பாக்கிகூட உள்ளூரில் அதன் கைவேலைக்கு ஏற்ற விலை பெறுவதில்லை என்பது வருந்தத்தக்க உண்மை.

சுடும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய பன்னிரண்டு போர் துப்பாக்கிகளின் அறை பெரும்பாலும் 2½ அங்குலம், தொழில் வழக்கில் 65 மில்லிமீட்டர் எனப்படும் அளவு. இன்றைய தோட்டாக்களில் மிகப்பல 70 மில்லிமீட்டர். இந்த அளவு சுட்டபின் விரிந்த நிலையில் எடுத்தது. சுடுவதற்கு முன் நுனி மடிந்திருப்பதால் அது குட்டையான அறையிலும் சிரமமின்றி உள்ளே போய்விடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் ஒடுங்கிய கழுத்தில் நெரிந்து, அழுத்தம் திடீரென்று ஏறும். தோட்டா உள்ளே போகிறது என்பதே அது பொருந்துகிறது என்பதற்குச் சான்றாகாது.

உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், 1959-ன் ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி வாரிசுகள் தாமதிக்காமல் துப்பாக்கியை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. உரிய காலத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் அது அரசுடைமையாகும். ஆகவே ஒப்படைக்கும்போதே உரிமம் பெற்ற வியாபாரியையோ துப்பாக்கி பழுதுபார்ப்பவரையோ கொண்டு குழல்களைக் கழற்றி, அடிப்பரப்பின் முத்திரைகள், வரிசை எண், மேல்பட்டை எழுத்து மூன்றையும் தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் ஆகிய நிறுவனங்களிடம் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. வரிசை எண்ணை எழுதிக் கேட்டால், அந்தத் துப்பாக்கி எந்த ஆண்டில் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை அவற்றிலிருந்து தேடித் தெரிந்துகொள்ளலாம்.